முத்துராணி கை உயர்த்தவில்லை

தச்சநல்லூரில் இறங்கி மாவு முத்துராணி வீடு எது என்று கேட்டால் யாரும் கையைக் காட்டிவிடுவார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், சபைக்குப் போகிறவர்கள் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் காலை இட்லி அவளுடைய கிரைண்டரிலிருந்துதான் போகிறது. மாவு புளித்துவிட்டது என்று யாராவது குறை சொல்ல வந்தால், "வாங்கிட்டுப் போயி வெயில்ல வச்சா புளிக்காம என்ன செய்யும், பாட்டா படிக்கும்" என்று கேட்டு அனுப்பிவிடுவாள். மறுநாளும் அதே ஆள் அதே பாத்திரத்தோடு வந்து நிற்பார். அவள் வாய் அப்படி, அவள் மாவும் அப்படி.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. காதிலும் கழுத்திலும் ஒன்றும் கிடையாது. ஞானஸ்நானம் எடுத்த அன்று கழற்றியது. வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, கையில் அட்டை கிழிந்த வேதாகமம். ஞாயிற்றுக்கிழமை அவள் தெருவில் நடந்து போனால் மணி என்ன என்று பார்க்க வேண்டாம், ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

பிறந்தது சீவலப்பேரிப் பக்கம். நடவும் களையெடுப்பும்தான் அந்த வீட்டின் சொத்து. கட்டிக்கொண்ட தேவேந்திரன் நல்ல உழைப்பாளி, அதைவிட நல்ல குடிகாரன். அவன் ஒரு நாள் வரப்பில் விழுந்து கிடந்தபோது சைக்கிளில் வந்த ஒரு பாஸ்டர் தூக்கி உட்கார வைத்து ஜெபம் பண்ணினார். அதற்கப்புறம் அவன் குடிக்கவில்லை. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. முத்துராணியைக் கேட்டால் ஒரு மணி நேரம் சாட்சி சொல்லுவாள். புருஷன் போன வழியே அவளும் போனாள். அண்ணன் முத்துமாலை வாசலில் நின்று, குலசாமியை விட்டவளுக்கு இந்த வீட்டில் தண்ணீர்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவளுக்கு அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் சபைதான்.

அந்தச் சபையின் பெயரைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, பாய்கள், ஒரு மேசை, ஒரு மைக். வருகிறவர்கள் எல்லாம் வயல்வேலையை விட்டு டவுனுக்குப் பிழைக்க வந்தவர்கள். வரப்பில் தேவேந்திரனைத் தூக்கிய அதே ஞானசிகாமணிதான் பாஸ்டர். சைக்கிள் போய்க் கார் வந்துவிட்டது, ஆனால் ஆள் கெட்டவர் இல்லை. ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர். சவப்பெட்டி தூக்க ஆள் குறைந்தால் முதலில் தோள் கொடுக்கிறவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டு அவரைத் திருடன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

முத்துராணிக்குச் சபையில் ஒரு வேலை உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் உடலும் இரத்தமுமாக நினைத்து அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்வது. அதற்கான அப்பத்தையும் திராட்சரசத்தையும் அவள்தான் செய்துகொண்டு போவாள். புளிக்காத மாவைப் பிசைந்து, மெல்லிசாக இட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் சுட்டெடுப்பாள். பன்னீர் திராட்சையைக் கொதிக்க வைத்துத் துணியில் வடிகட்டுவாள். அன்று வீட்டில் சத்தம் போட்டுப் பேச மாட்டாள். தெரு முழுக்க வாயாடும் பெண்பிள்ளை அந்த ஒரு காலையில் மட்டும் வாயைத் திறக்காமல் இருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ரசீத், அக்காவுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டதுகூட உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சபையில் பொருத்தனை என்று ஒன்று உண்டு. கர்த்தருக்கு முன்பாகக் கையை உயர்த்தி ஒன்றைச் செய்வேன் என்றோ செய்யமாட்டேன் என்றோ வாக்குக் கொடுப்பது. கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். தேவேந்திரன் சிறுநீரகம் கெட்டு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இவர் நடந்து வீட்டுக்கு வந்தால் இனி என் வாயில் மீன் படாது என்று முத்துராணி பொருத்தனை பண்ணினாள். ஆற்றுமீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காதவள். தேவேந்திரன் நடந்து வீட்டுக்கு வந்தான், இரண்டு வருஷம் இருந்தான், பிறகு போய்விட்டான். அதற்கப்புறமாவது சாப்பிடலாமே என்று மகன் ஜெய்சன் சொன்னான். அவர் நடந்து வந்தது வந்ததுதானே, நான் எப்படித் திரும்ப வாங்க முடியும் என்று கேட்டுவிட்டாள். இன்றைக்கும் பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள்.

தேவேந்திரன் இறந்தபோது சொந்த ஊரில் புதைக்க அண்ணன் முத்துமாலை விடவில்லை. சபைக்கு ஆற்றங்கரையை ஒட்டி ஒரு துண்டு நிலம் உண்டு. அங்கேதான் அடக்கம் பண்ணினார்கள். நிலம் புறம்போக்கு, பட்டா கிடையாது, கருவேலமரம் மண்டிக் கிடக்கும். ஆனாலும் அந்தச் சனங்களுக்குச் செத்தால் போய்ப் படுக்க இருக்கிற ஒரே இடம் அதுதான். அன்று பாஸ்டரே தேவேந்திரனின் குழிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவு விட்டு, கல் நட்டு, "இது அக்காவுக்கு" என்றார். முத்துராணிக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று சொல்ல அந்த இடம் ஒன்றுதான் என்று அவளே சொல்லுவாள். பெரிய வெள்ளம் வந்த வருஷம் ஆறு கரையேறியபோது, வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பற்றிக் கவலைப்படாமல் கல்லறைக்கு என்ன ஆச்சோ என்று புலம்பியவள் அவள்.

இப்போது தேர்தலுக்கு வருவோம்.

வண்ணார்பேட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சிக்குச் சீட்டுக் கிடைத்தது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எந்தக் கட்சியைச் சொன்னாலும் கதை இப்படித்தான் நடந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் அவர் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். பாஸ்டர் அவரை மேசைக்கு முன்னால் அழைத்து, தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். முத்துராணியும் ஆமென் சொன்னாள். யாருக்காக வேண்டுமானாலும் ஜெபம் பண்ணலாம், அதில் அவளுக்கு ஒரு தடையும் இல்லை. அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, தான் ஜெயித்தால் ஆற்றங்கரை நிலத்துக்குப் பட்டா வாங்கித் தருவதாகவும், தகரக் கூரைக்குப் பதில் காங்கிரீட் கட்ட அனுமதி வாங்கித் தருவதாகவும் சொன்னார். சபையில் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சத்தம் எழும்பியது. வருஷக்கணக்காக மனுக் கொடுத்துக் களைத்த சனங்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதற்கப்புறம் பாஸ்டர் சொன்னதுதான் வினை. வருகிற திருவிருந்து ஞாயிறன்று சபையார் எல்லோரும் வலது கையை உயர்த்தி, நம் வாக்கு இந்தச் சகோதரனுக்கே என்று கர்த்தருக்கு முன்பாகப் பொருத்தனை பண்ண வேண்டும் என்றார். அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மற்ற தெருக்களில் வீடு வீடாகப் பணம் கொடுத்தும், வாங்கியவன் யாருக்குக் குத்துவான் என்று சொல்ல முடியாது. இங்கே ஒரு பைசா செலவில்லாமல், சாகும்வரை மீன் தொடாத சனங்களின் சத்தியம் கிடைக்கப் போகிறது.

முத்துராணி அன்று மத்தியானமே பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். பாஸ்டரம்மா காப்பி கொடுத்தாள். வழக்கமான குசலம் எல்லாம் முடிந்த பிறகு முத்துராணி விஷயத்துக்கு வந்தாள்.

"பாஸ்டர், அவருக்கு ஓட்டுப் போடச் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். எம்மனசுலயும் அவருதான் இருக்காரு. ஆனா அதுக்குக் கர்த்தர் முன்ன கை தூக்கச் சொல்லாதீங்க."

போடுவது என்று முடிவு பண்ணிவிட்டால் கை தூக்குவதில் என்ன வந்தது என்று பாஸ்டர் கேட்டார்.

"நாளைக்கே அந்த ஆளு ஒரு அநியாயம் பண்ணினாருன்னு காதுல விழுது. நான் மனசு மாறணும்லா? கை தூக்கிட்டா எப்படி மாறுவேன்? கர்த்தருக்குக் குடுக்கிறதை ஒரு மனுசனுக்குக் குடுக்கச் சொல்லுதீங்களே, இது அடுக்குமா?"

பாஸ்டர் கோபப்படவில்லை. பொறுமையாகப் பேசினார். நாம் சின்னக் கூட்டம், பிரிந்து நின்றால் யாரும் மதிக்க மாட்டார்கள், ஒன்றாக நின்று காட்டினால்தான் கேட்டது கிடைக்கும் என்றார். இந்த வயதில் இன்னும் எத்தனை அலுவலகப் படி ஏறுவேன் என்றும் கேட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை, அவர் முழங்கால் வீங்கித்தான் இருந்தது. கடைசியாக ஒன்று சொன்னார்.

"தேவேந்திரன் படுத்திருக்கிற எடத்துல நாளைக்கு மண் அள்ளுற வண்டி வந்து நின்னா என்னக்கா செய்வீங்க?"

முத்துராணி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் அவளுக்கு அந்த வண்டிதான் கண்ணில் தெரிந்தது. அன்று அரைத்த மாவில் உப்பே போடவில்லை. ஒரு கையைத் தூக்கினால் தீர்ந்துபோகிற விஷயம்தானே, ஊரே தூக்கும்போது நமக்கு மட்டும் என்ன வந்தது என்று அவள் மனசே அவளோடு சண்டை போட்டது. பயந்துவிட்டாள், அதுதான் உண்மை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். கை தூக்க வேண்டாம், எதிர்த்தும் பேச வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்போம், கூட்டத்தில் யார் பார்க்கப் போகிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக முத்துராணி சத்தமில்லாமல் இருக்கப் பார்த்தாள்.

திருவிருந்து ஞாயிறு வந்தது. வழக்கம்போல அப்பமும் ரசமும் செய்து, வெள்ளைத் துணி போட்டு மூடி, மேசையில் வைத்துவிட்டுத் தன் பாயில் போய் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. அப்பத்துக்காக ஜெபம் பண்ண வேண்டிய நேரத்தில் பாஸ்டர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். முதலில் பொருத்தனை, பிறகு அப்பம் என்றார். கை உயர்த்த மனமில்லாதவர்கள் இன்றைக்கு அப்பத்தை எடுக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்தக் கடைசிப் பேச்சு இல்லாமல் இருந்திருந்தால் முத்துராணி குனிந்த தலை குனிந்தபடியே பாயில் உட்கார்ந்திருந்திருப்பாள். அதைக் கேட்டதும் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. சுற்றிலும் கைகள் உயர்ந்துகொண்டிருந்தன. அவள் எழுந்தாள். கை உயர்த்தத்தான் எழுந்தாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் பாய்களுக்கு நடுவே நடந்து மேசைக்குப் போய், அப்பத் தட்டைத் தூக்கி இடுப்பில் இடுக்கி, ரசப் பாத்திரத்தை இன்னொரு கையில் எடுத்தாள்.

"அக்கா, என்ன செய்யுதீங்க?" பாஸ்டர் மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

"ஜெபம் பண்ணுத வரைக்கும் இது வெறும் மாவும் தண்ணியும்தான்னு எங்களுக்குச் சொல்லித் தந்தது நீங்க. இன்னும் ஜெபம் பண்ணல. என் வீட்டு மாவை என் வீட்டுக்குக் கொண்டு போறேன். இதைக் கர்த்தருக்குன்னு சுட்டேன், தேர்தலுக்குன்னு சுடல."

சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டாள். சபை அப்படியே நின்றது. உயர்ந்த கைகள் பாதியில் நின்றன. சிலது மெதுவாகக் கீழே இறங்கின. சிலது தலையைச் சொறிந்துகொண்டு இறங்கின. அப்பம் இல்லாமல் திருவிருந்து இல்லை. பாஸ்டர் ஒரு சின்ன ஜெபத்தோடு கூட்டத்தை முடித்து அனுப்பினார்.

முத்துராணி வீட்டு வாசலில் ரசீத்தின் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. அக்கா ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று ரசீத் கேட்டான். அவள் அப்பத்தைப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, ரசத்தையும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் இந்தச் செய்தி ஊர் சுற்றி வந்துவிட்டது. சுற்றி வந்தபோது, முத்துராணி கர்த்தருடைய பந்தியைத் தெருவில் வைத்து வேற்று மதத்தாருக்குப் பரிமாறினாள் என்று ஆகியிருந்தது.

சபை மூப்பர் பாக்கியசீலன் அந்த வாரத்திலேயே வீட்டுக்கு வந்தார். சபைக்கு வருகிற சோதிமணி சிஸ்டரின் மகன், நல்ல பையனாக இருந்து நல்ல மூப்பராக ஆனவர். முத்துராணியின் இட்லி தின்று வளர்ந்தவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே வந்த சேதியைச் சொன்னார். சபையார் முன்னால் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் அவளுக்குத் திருவிருந்தில் பங்கு கிடையாது. ஆராதனைக்கு வரலாம், கடைசிப் பாயில் உட்காரலாம். கேட்காமலே இருந்துவிட்டால் ஆற்றங்கரையில் இடமும் கிடையாது, கல்லைப் பிடுங்கிவிடுவார்கள்.

முத்துராணி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னை எங்கன பொதைச்சாலும் எழுப்புதவருக்கு வழி தெரியும், பாக்கியசீலா. போய்ச் சொல்லு."

அவர் தெருமுனை தாண்டுகிற வரை வாசலில் நிமிர்ந்து நின்றாள். பிறகு உள்ளே போய்க் கிரைண்டரை ஓட விட்டாள். அரிசி போடாமலே ஓட விட்டாள். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து அவள் அழுததை ஜெய்சன்தான் பார்த்தான். செல்போன் கடையிலிருந்து சாப்பிட வந்தவன், சுவிட்சை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஜெய்சன் அம்மாவைப் போல இல்லை, யாரோடும் சண்டைக்குப் போகமாட்டான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டான். வார்த்தைதான், அதனால்தான் சொல்ல மாட்டேன் என்றாள். அவன் விடவில்லை.

"அப்பா வீட்டுக்கு வரணும்னு மீனை விட்டேல்லா? இப்போ அப்பா பக்கத்துல படுக்கணும்னு இந்த வீம்பையும் விட்டுரும்மா."

இது அவளைத் தைத்தது. நல்ல கேள்விதான்.

"மீனு என்னுது, விட்டேன். இது கர்த்தரோடது, என்னுது இல்ல மக்கா. என்னுது இல்லாததை எடுத்து எப்படி விடுவேன்?"

ஜெய்சன் அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுக்கவில்லை. தட்டில் சோறு போட்டு அவளுக்கும் சேர்த்துப் பிசைந்தான்.

சபைக்காரர்களில் பாதிப்பேர் மாவு வாங்க வருவதை நிறுத்தினார்கள். முத்துராணி எண்ணிப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை, ஆனால் மிஞ்சிய மாவைப் பார்த்தாலே தெரிந்தது. வடிவம்மாள் மட்டும் கொல்லை வழியாக வந்தாள். அவளுடைய தம்பி அண்ணாச்சியின் இரும்புக்கடையில் வேலை பார்த்தவன். வெட்டும் மிஷினில் விரல்கள் போனதும், இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அண்ணாச்சிக்குத்தான் வடிவம்மாள் கையைத் தூக்கியிருந்தாள். அது அவளைத் தூங்கவிடவில்லை.

"நான் கையைத் தூக்குனேங்க்கா. நீங்க தட்டை எடுத்ததும் கீழ போட்டுட்டேன். இது பொருத்தனைக் கணக்குல வருமா?"

வாயைத் திறந்து ஏதாவது சொன்னாயா என்று முத்துராணி விசாரித்தாள். இல்லை என்றாள் வடிவம்மாள். அப்படியானால் சும்மா இரு, கையை மட்டும் தூக்கினால் அது கொடி பிடித்த மாதிரிதான் என்று சொல்லி அனுப்பினாள். மறுநாள் கொல்லை வழியாக இன்னொருத்தி வந்தாள், அதே சந்தேகத்தோடு. அதற்கடுத்த நாள் இரண்டு பேர். மாவு வாங்கத்தான் வந்தார்கள், ஆனால் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்றதெல்லாம் இந்தக் கேள்விக்காக. நீ போடு, போடாதே என்று முத்துராணி ஒருத்தியிடமும் சொல்லவில்லை. ஓட்டு அவரவர் பாடு, கர்த்தர் பெயரைச் சொல்லி வாக்குக் கொடுக்கும் முன் மட்டும் யோசியுங்கள் என்றாள்.

அடுத்த மாதத்து முதல் ஞாயிறு. தேர்தல் அந்த வாரத்தில். முத்துராணி குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, முக்காடு போட்டு, கையில் அப்பத் தட்டு இல்லாமல் முதல் தடவையாகச் சபைக்குப் போனாள். எதையோ மறந்துவிட்டு வந்தது போலக் கை தன்னால் இடுப்புக்குப் போயிற்று. கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். வடிவம்மாள் தன் வரிசையை விட்டு எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேசையில் கடை ரொட்டி இருந்தது. பாஸ்டரம்மா சதுரம் சதுரமாக நறுக்கிப் பெரிய தட்டில் குவித்திருந்தாள். ரசம் பாட்டிலில் வந்திருந்தது. பாஸ்டர் இந்தத் தடவை கை உயர்த்தச் சொல்லவில்லை. முதலில் அப்பத்துக்காக ஜெபம் பண்ணி முடித்தார், இனி யாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்குப் பிறகுதான் சொன்னார். இந்த அப்பத்தை எடுத்துப் புசிக்கிற ஒவ்வொருவரும் நம் சகோதரனுக்கு வாக்களிப்பதாகக் கர்த்தருக்கு முன்பாகப் பொருத்தனை பண்ணுகிறார்கள் என்றார். கையைத் தூக்கத் தயங்குகிறவர்கள்கூட அப்பத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள் என்பது அவர் எண்ணம்.

இந்த இடத்தில்தான் அவர் தப்புப் பண்ணினார். வேறு யாரும் பண்ண முடியாத தப்பு. இருபது வருஷமாக அவரே அந்தச் சனங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், மனசில் ஒன்று, வெளியே ஒன்று என்று அப்பத்தை எடுக்கிறவன் தனக்கு ஆக்கினையை, அதாவது தண்டனையைத் தின்கிறான் என்பது. அவர்கள் ரேஷன் கடையில் பொய் சொல்லுவார்கள், மாமியாரிடம் பொய் சொல்லுவார்கள், தேவைப்பட்டால் பாஸ்டரிடமும் சொல்லுவார்கள். அப்பத்திடம் சொல்ல மாட்டார்கள். அவரை விட அப்பத்துக்குத்தான் அவர்களுக்குப் பயம் அதிகம். அப்படிப் பயப்பட வைத்தது அவரேதான்.

பாக்கியசீலன் தட்டைக் கொண்டுபோய்ப் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் கொடுத்தார். தட்டு கைமாறிப் போகும், அவரவர் ஒரு துண்டு எடுத்துக்கொள்வார்கள், அதுதான் வழக்கம். பாஸ்டரம்மா எடுத்தாள். அடுத்தவள் எடுத்தாள். அதற்கடுத்தவள் தட்டைப் பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள், எடுக்காமல் பக்கத்தில் கொடுத்தாள். வாங்கியவளும் எடுக்காமல் கொடுத்தாள். இரண்டாவது வரிசையில் ஒரு கிழவி மட்டும் ஒரு துண்டை எடுத்துவிட்டு, வாய்வரை கொண்டுபோய், அழுதுகொண்டே திரும்பத் தட்டில் வைத்தாள். வரிசை வரிசையாகத் தட்டு பின்னால் வந்தது, குவியல் குறையாமலே வந்தது.

கடைசிப் பாயில் முத்துராணிக்குக் கொடுக்கக் கூடாது என்பது கட்டளை. வடிவம்மாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பாஸ்டரைப் பார்த்தாள். எடுக்கவில்லை. முத்துராணியைத் தாண்டிப் பாக்கியசீலனிடம் நீட்டினாள். ஆண்கள் பக்கம் நாலைந்து பேர் எடுத்தார்கள், மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மூப்பர்தான் கடைசியாக எடுக்க வேண்டும். பாக்கியசீலன் மேசைக்கு முன்னால் நின்று ஒரு துண்டைத் தொட்டார். பிறகு விரலை எடுத்துவிட்டு, தட்டை அப்படியே மேசையில் வைத்தார்.

சந்தோஷமா துக்கமா என்று முத்துராணிக்கே தெரியவில்லை. இத்தனை நாள் தனியாகக் கிடந்து மாரடித்தவளுக்கு, சுற்றி இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. ஜெபம் பண்ணிய அப்பத்தை அந்தச் சபையில் எடுத்து வைக்கவும் கூடாது, வெளியே கொட்டவும் கூடாது. மிஞ்சியதை அங்கேயே, சபையார் முன்னால், பாஸ்டர் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். எப்போதும் மிஞ்சுவது ஒரு வாய்க்கு இருக்கும். இன்றைக்குத் தட்டு நிறைய இருந்தது.

பாஸ்டர் தட்டைப் பார்த்தார். சனங்களைப் பார்த்தார். அந்தப் பொருத்தனை வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தட்டு காலியாகியிருக்கும். அது அவர் வாயில் வரவில்லை. துணியைப் போட்டு மூடிக் காரில் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், அதையும் செய்யவில்லை. அவரும் அந்த அப்பத்துக்குப் பயந்தவர்தான். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். அடுத்ததை எடுத்தார். கடை ரொட்டி காய்ந்து போயிருந்தது. சபை முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஒரு குழந்தைகூட அழவில்லை. நாலாவதோ ஐந்தாவதோ துண்டில் அவருக்கு விக்கல் வந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனாலும் அடுத்ததை எடுத்தார்.

முத்துராணி எழுந்தாள். மூலையில் இருந்த பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டுகொண்டு, பாய்களுக்கு நடுவே நடந்து, மேசையில் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

"பைய சாப்பிடுங்க பாஸ்டர். நாங்க எங்கயும் போவல."

திரும்பி வந்து, கடைசிப் பாய்க்குப் போகாமல், தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை.